ஹார்டு டிஸ்க் இல்லாத மனிதர்

எங்கள் நூலகத்தில் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சிடிக்காரர் என்று பெயர் வைத்தது நான்தான். அவர் எதிரில் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமலும் இல்லை. நான் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய மேசை எனக்கு ஆறடி தள்ளி. அவர் வந்து எட்டு வருடம் ஆகிறது. அந்த எட்டு வருடப் பேச்சையும் சேர்த்துவைத்தால் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். எனக்கோ வாயைத் திறக்காதவர்களைக் கண்டாலே எரிச்சல். திமிர் பிடித்த ஆள் என்றுதான் முதல் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பொறுப்பில் ஆறு பழைய கணினிகள். ஏதோ ஓர் அலுவலகம் வேண்டாமென்று எங்கள் தலையில் கட்டியவை. கட்டும்போது உள்ளே எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் ஹார்டு டிஸ்குகளை மறக்காமல் கழற்றிக்கொண்டார்கள். வேறொருவராக இருந்தால் மேலே கடிதம் எழுதிவிட்டு, பதில் வரும்வரை அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பார். இவர் ஒவ்வொன்றிலும் ஒரு சிடியைப் போட்டு ஆறையும் ஓட வைத்தார். லினக்ஸ் என்று கணினியை ஓட்டும் மென்பொருள் ஒன்று இருக்கிறதே, அதைச் சிடியிலிருந்தே கிளப்பலாமாம். கணினிக்குள் எதையும் பதிக்க வேண்டியதில்லை. எழுதலாம், படிக்கலாம், படம் பார்க்கலாம். அணைத்தால் செய்த மாற்றமெல்லாம் போய்விடும். மறுபடி கிளப்பினால் துடைத்துவைத்த பலகைபோல எழுந்து நிற்கும்.

"யார் வந்து என்ன கெடுத்துட்டுப் போனாலும் காலையில அதுக்கு ஞாபகம் இருக்காது" என்றார் ஒருமுறை. அவர் என்னிடம் சொன்னதிலேயே மிக நீளமான வாக்கியம் அதுதான். பொறாமைப்படுகிறவர் போலச் சொன்னார்.

இணையத்தில் கிடைக்கும் சிடியை அவர் அப்படியே கொடுப்பதில்லை. பிரித்து, வேண்டாததை எடுத்தெறிந்து, வேண்டியதைச் சேர்த்து, மறுபடி கட்டிப் புது வட்டில் பதிவார். நூலகத்துக்கு வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கிழட்டுக் கணினிக்கும் ஒன்று கேட்பார்கள். தையற்காரருக்கு அளவு குறிக்க ஒரு பக்கமும் பாட்டுக் கேட்க ஒரு பொத்தானும் மட்டும் உள்ள சிடி. கை நடுங்கும் ஓய்வுபெற்ற கணக்கருக்கு, மவுஸை எவ்வளவு ஆட்டினாலும் அம்பு ஆமைபோல நகரும் சிடி. எனக்கும் ஒன்று செய்து கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தேன், சீட்டாட்டத்தைக் காணோம். அந்தப் பாழாய்ப்போன ஆட்டத்தில் என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன என்று எப்போதோ யாரிடமோ புலம்பியிருக்கிறேன். ஆறடி தள்ளி இருந்து கேட்டிருக்கிறார். திமிர் பிடித்தவர் இல்லை என்று அன்றுதான் புரிந்தது. ஊரில் இருக்கிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

ஒருமுறை காய்ச்சலில் மூன்று நாள் வரவில்லை. விடுப்புத் தாளில் கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போனேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஒன்றுமில்லை. மேசைமேல் இருந்த கணினியின் பக்கவாட்டுத் தகடு திறந்து கிடந்தது. ஹார்டு டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் சவரப் பிரஷும் சோப்பும் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்காவது ஒண்ணு வாங்கிப் போட்டுக்கக் கூடாதா சார்?"

"நான் ஹார்டு டிஸ்க்கைத் தொடறதில்ல" என்றார், குடியை விட்டவர் சொல்வது மாதிரி. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வருடக் கடைசியில் நான் வீடு மாறினேன். புது வீட்டுக்கு மேல்தளத்தில் ஓர் அம்மாள் தனியாக இருந்தாள். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. என் வீட்டு வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பில்கூடக் காற்புள்ளி போட்டுவிட்டுப் போனவள். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. மேல்வீட்டம்மா என்று கூப்பிடுவேன். பழகிய இரண்டாம் வருடம் அவள் கண்ணில் நடுப்பார்வை மங்க ஆரம்பித்தது. ஓரம் தெரிகிறது, பார்க்கிற எழுத்து மட்டும் தெரியவில்லை என்றாள். வாழ்நாள் முழுக்க எழுத்தையே பார்த்த பெண்ணுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

அவள் வீட்டில் துணி போட்டு மூடிய ஒரு கணினி இருந்தது. அதில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாமே, வாய்விட்டுப் படிக்கவும் செய்யுமே என்றேன். யாரும் அதைத் தொடக்கூடாது என்றாள். பிறகு நாலைந்து நாள் கழித்து, நான் கேட்காமலே சொன்னாள்.

அவள் கணவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர் இரண்டு மாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி அந்தக் கணினியில் பதிந்து வைத்தார். மொத்தம் பதினோரு மணி நேரம். குரல் போயிற்று, ஆறு மாதத்தில் ஆளும் போனார். கணினி மெதுவாக ஓடுகிறது என்று அவளுடைய தம்பி சரிசெய்ய வந்தான். "நான் பார்த்துக்கறேன்க்கா" என்றான். லினக்ஸை ஒரு பக்கமாகப் பதிக்கிறேன் என்று உட்கார்ந்தவன், டிஸ்க் முழுவதையும் அழித்துப் பதிக்கவா என்ற கேள்விக்குச் சரி என்று அழுத்திவிட்டான். அவ்வளவுதான். அன்று தம்பியை வெளியே போ என்றவள், ஒன்பது வருடமாக அவன் முகத்தில் விழிக்கவில்லை. அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் வைத்திருந்தால் என்றைக்காவது யாராவது கொஞ்சமாவது மீட்டுக் கொடுக்கலாம் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அதை நம்பித்தான் துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

"உங்க தம்பி இப்ப என்ன பண்றார்?" என்று கேட்டேன்.

"ஏதோ நூலகத்துல சிடி போட்டுக் கொடுக்கறானாம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன்.

மறுநாள் சிடிக்காரரிடம் சொன்னேன், எல்லாவற்றையும். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது தப்புதான். எனக்கு அது கைவந்த கலை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: அக்காவுக்கு எந்தக் கண் கொஞ்சம் தேவலை, வலதா இடதா?

அக்காவுக்கு ஒரு சிடி கட்ட ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். எழுத்து உள்ளங்கை அகலம். பார்க்கிற இடம் தெரியாது, ஓரம்தான் தெரியும் என்பதால் எல்லாவற்றையும் திரையின் இடது ஓரத்துக்கு நகர்த்தினார். அம்புக்குறி விசையை அழுத்தினால் எதன்மேல் நிற்கிறதோ அதன் பெயரைத் தமிழில் சொல்லும்; இன்னொரு விசைக்கு முழுவதையும் படிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சிடியைப் போட்டுக் கிளப்பினால் கணினிக்குத் தன்னிடம் ஒரு ஹார்டு டிஸ்க் இருப்பதே தெரியாதபடி செய்துவிட்டார். தெரியாததைத் தொட முடியாது அல்லவா.

தப்பு கடைசி நாளில் நடந்தது. குரல் ஒழுங்காகப் படிக்கிறதா என்று சோதிக்க அவருக்கு நீளமாகத் தமிழில் ஏதாவது வேண்டியிருந்தது. ஹார்டு டிஸ்க் இல்லாத மனிதரிடம் என்ன இருக்கும்? பென்டிரைவில் ஒரே ஒரு கடிதம் இருந்தது. அதை முகப்பில் எடுத்து வைத்துப் படிக்க விட்டுப் பார்த்தார். சரியாகப் படித்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிலையை அப்படியே சிடியாகக் கட்டும்போது, சொந்த அமைப்புகளையும் கோப்புகளையும் வைத்துக்கொள்ளவா நீக்கவா என்று கணினி கேட்கும். எல்லோருக்கும் நீக்கு என்றுதான் கொடுப்பார். இந்தத் தடவை நீக்கினால் பெரிய எழுத்தும் குரலும் சேர்ந்து போய்விடும் என்று, வைத்துக்கொள் என்று அழுத்தினார். கடிதம் முகப்பில் இருப்பதை மறந்தே போனார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்ன அதே விரல்.

நூலகத்தில் எல்லோருக்கும் கொடுப்பது என்று சொல்லி மேல்வீட்டம்மாவிடம் கொடுத்தேன். அந்த டிஸ்க்கைத் தொடாது என்று என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்த பிறகே துணியை எடுத்தாள். யார் செய்தது என்று கேட்கவில்லை. திரை வந்தது, குரல் வந்தது. நான் கீழே வந்துவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவளே நூலகத்துக்கு வந்தாள். குடையால் தரையைத் தட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி, நேராக அவர் மேசைமுன் போய் நின்றாள். அவர் எழுந்தார். வாசிப்புக் கூடம் என்பதால் இருவரும் தணிந்த குரலில்தான் பேசினார்கள். ஆறடி தூரத்தில் எனக்கு எதுவும் தப்பவில்லை.

"இதுல அக்காவுக்குன்னு ஒரு லெட்டர் இருக்கு" என்றாள், சிடியை மேசைமேல் வைத்து.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடிதத்தில் இருந்தது இது: அன்று டிஸ்க்கை அழிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒலி வருகிறதா என்று பார்க்க அத்தானின் பதிவுகளில் ஒன்றைத் திறந்து நாலு நிமிடம் கேட்டிருக்கிறார். அந்த நாலு நிமிடத்தில் அத்தான் சொன்னதை ஞாபகம் இருந்த மட்டும் எழுதி வைத்திருந்தார். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு இருபது எண்ண வேண்டும், அதற்குமுன் குழாயைத் திறக்காதே. சமையலறை ஜன்னல் கொக்கியைத் தூக்கித் தள்ளு. இதைக் கேட்கும்போதும் நீ பென்சிலைத் தேடுவாய் என்று எனக்குத் தெரியும், உட்கார். பதினோரு மணி நேரத்தைத் தொலைத்தவன் இந்த நாலு நிமிடத்தை எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒன்பது வருடம் அனுப்பாமல் இருந்திருக்கிறார்.

"மொத நாள் கேட்டுட்டு அழிச்சேன்" என்றாள் மேல்வீட்டம்மா. "மறுநாள் காலையில திரும்ப இருந்துச்சு. பன்னெண்டு நாளா அழிக்கிறேன்."

"சிடில இருக்கறதை அழிக்க முடியாதுக்கா. அணைச்சுப் போட்டா பழையபடி வந்துடும்."

"அது தெரியுது." சிடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். "நீ அழிச்சது திரும்ப வரல. நான் அழிக்கிறது மட்டும் தினமும் வந்து நிக்குது."

அவர் தலை குனிந்தபடி, அது இல்லாமல் வேறு சிடி போட்டுத் தருகிறேன் என்றார்.

"அதை எடுத்தேன்னா கையை ஒடிச்சுடுவேன்" என்றாள். பிறகு, "மோட்டாருக்கு இருபது இல்ல. முப்பதுன்னுதான் சொல்வார். திருத்திக் குடு" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை? கிடையாது. வீட்டுக்கு வா என்று? அதுவும் கிடையாது.

சிடியில் ஒரு சொல்லை மட்டும் மாற்ற முடியாது. ஒரு சொல்லுக்காக முழுவதையும் மறுபடி கட்டி, புது வட்டில் பதிய வேண்டும். அவர் அந்த வெறும் அறையில் தனியே உட்கார்ந்து அதைச் செய்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து இன்னொரு பிழை சொல்லித் திருப்பி அனுப்பினாள். கொக்கியை இழுத்துத் தூக்கணும், தள்ளக் கூடாது. மறுபடி கட்டினார். இப்படி ஏழு வட்டு. தபால்காரி வேலை எனக்குச் சலித்துப்போனது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் நான் எதற்கு என்று எரிந்து விழலாம்போல இருந்தது.

ஏழாவதை அவள் திருப்பிக் கொடுத்தபோது, இப்போது என்ன பிழை என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன்.

"எழுத்தெல்லாம் சரி. குரல்தான் சரியில்ல. மெஷின் படிக்குது. மனுஷக் குரல்ல வேணும்னு அவன்கிட்ட சொல்லு."

சொன்னேன். சிடியில் வேறு தமிழ்க் குரல் இல்லையே என்று அவர் யோசனையில் ஆழ்ந்தார். இருக்கிறவற்றை எல்லாம் தேடிப் பார்க்கிறேன், இரண்டு வாரம் ஆகும் என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெல்ல முகம் மாறியது.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார், காய்ச்சலுக்கு எடுத்ததை விட்டால் எட்டு வருடத்தில் முதல் தடவையாக. பென்டிரைவைச் செருகி அந்த இரண்டு பக்கக் கடிதத்தை அச்செடுத்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். வாசல்வரை போனவர் திரும்பி என் மேசைக்கு வந்தார்.

"எனக்கு வாய்விட்டுப் படிச்சுப் பழக்கமில்ல. தப்பா வரும்" என்றார்.

"வந்தா அவங்க திருத்துவாங்க. போங்க சார்" என்றேன்.