மேட்டுப் பக்கத்து இருக்கை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயர் பிரேக். யாருடைய வண்டியில் ஏறினாலும் காலால் தரையை அழுத்திக்கொண்டே வருவார் என்பதால் வந்த பெயர். நாற்பத்தாறு வயது, கனத்த உடம்பு. கொதிநீர்க் குழாய், ஈரத் தரை, சுற்றும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் பயம். அந்தப் பயத்தாலேயே அவர் பொறுப்பில் இருந்த பத்தொன்பது வருடமும் அங்கே ஒருவர் விரல்கூட நசுங்கவில்லை.

அவருடைய அக்கா நேர்மாறு. லிஃப்ட் பழுது பார்ப்பவள். பதினாலாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவாள். நான்கு சக்கரமும் இழுக்கும் கிழட்டு ஜீப் வண்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். அதன் ஹார்ன் தனக்குத் தோன்றினால் அடிக்கும். இடது கதவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கவே முடியாது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் காட்டோடைக் கரையில் கூடாரம் போடலாம் என்று அவள் கூப்பிட்டபோது தம்பி முதுகுவலி என்றார். அவர் மனைவி விடவில்லை.

"போய்ட்டு வாங்க. வருஷம் பூரா சோப்புத் தண்ணியையே பாத்துட்டு இருக்கீங்க."

சனிக்கிழமை நன்றாகவே போயிற்று. வண்டி ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் காலடியில் புகுந்தது. அவர் கத்தினார், அக்கா சிரித்தாள். அவ்வளவுதான்.

ஞாயிறு விடியலில் மழை பிடித்தது. திரும்பும் மண்பாதை ஊறிக் கிடந்தது. இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் பள்ளம். ஒரு வளைவில் பாதையின் ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா இன்ஜினை அணைத்தாள். கீழே கற்கள் உருண்டு போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"அக்கா, நான் இறங்கிடறேன்."

"அசையாதடா! நீ மேட்டுப் பக்கம் உக்காந்திருக்க. உன் கனத்துலதான் வண்டி நிக்குது."

ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், கெட்டியான மண் இருந்தது.

"உன் காலடில கயிறு இருக்கு, மெதுவா எடுத்துக் குடு. நான் உன்னைத் தாண்டி ஜன்னல் வழியா வெளிய போறேன். மரத்துல கட்டற வரைக்கும் உக்காந்திரு."

"எவ்ளோ நேரம்?"

"தெரியலடா."

தாண்டும்போது அவள் முழங்கால் அவர் விலாவில் குத்தியது. வண்டி முனகியது. பிறகு அவர் தனியாக இருந்தார். மூச்சு விட்டால்கூட எல்லாம் சரிந்துவிடும் போலிருந்தது. கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார். வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கப் பயம்.

இரண்டு முறை ஜன்னல் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தார். குனிந்தால் அக்காவின் செருப்பில்லாத பாதங்கள் தெரிந்தன. வண்டிக்கடியில் தலையை நுழைத்துச் சட்டத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். தான் குதித்தால் வண்டி அவளையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு முறையும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திடீரென்று வண்டி அரையடி நழுவியது.

"அக்கா!"

"பேசாத... பேசாதடா. முடிச்சுப் போடறேன்."

அவள் குரல் நடுங்கியது. அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதில்லை. வண்டி நழுவியதைவிட அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

கயிற்றின் மறுமுனையை மேட்டு மரத்தில் இறுக்கிவிட்டு அவள் ஓடி வந்தாள். "வா, இப்ப வா!"

தோள் வெளியே வந்தது, வயிறு சிக்கிக்கொண்டது. அக்குளில் கைகொடுத்து அவள் இழுத்த இழுப்பில் இருவரும் சேற்றில் விழுந்தார்கள். கயிறு விண்ணென்று நிமிர்ந்தது. மரம் கிறீச்சிட்டது. தாங்கிக்கொண்டது.

இரண்டு மணி நேரம் நடந்து, கல்குவாரியிலிருந்து டிராக்டர்காரரை அழைத்து வந்தார்கள். வண்டி மேலே வந்ததும் அக்காவால் சாவியைச் சரியாக நுழைக்க முடியவில்லை. தார்ச்சாலை வரை டிராக்டர்காரரே ஓட்டிக் கொடுத்தார். அக்காவும் தம்பியும் பின்னாலேயே பாதையின் நடுவில் நடந்து வந்தார்கள்.

திங்கட்கிழமை இருவரும் வேலைக்குப் போகவில்லை. அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள்.

"குதிச்சிடலாம்னு தோணலையாடா?"

"தோணுச்சு. ரெண்டு தடவை."

அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "கயிறு கட்டும்போது எனக்கும் தோணுச்சு. விட்டுட்டு ஓடிடலாம்னு."

தம்பி எழுந்து போய், பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்தார்.