கறுப்பு மூடியில் வைத்த பொட்டு

என் மகளுக்கு ஐந்து வயது. இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லை" என்கிறாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடில்லை. வயிற்றை அமுக்கிப் பார்க்கிறேன், வலியில்லை. இத்தனை பார்ப்பது சரியா, அதிகமா என்று பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு குழந்தை "ஒண்ணுமில்லை" என்று சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. என் ஒன்பதாம் வயதில் நானும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் கெங்கவல்லியில் இருந்தோம். அப்பா சேலத்தில் ஒருவரிடமிருந்து பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதை ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் அம்மாவின் தம்பி திருச்செங்கோட்டிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மாமா பேசினால் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' சேரும். என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, "உன் மாமன் எருமையைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவான்" என்று சிரிப்பாள்.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று மாமா காரைக் கழுவித் துடைத்து, என்ஜினை மூடும் தகட்டை இருபுறமும் தூக்கி வைத்தார். சந்தனமும் குங்குமமும் இருந்த கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "நீயே பொட்டு வெய்யி சாமி" என்றார். விளக்குகளுக்கு வைத்தேன், சக்கரங்களுக்கு வைத்தேன், திருப்புகிற வளையத்துக்கு வைத்தேன். பிறகு படிப்பலகையில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். என்ஜினின் நடுவில் கறுப்பாக, உருண்டையாக ஒரு மூடி இருந்தது. அதன் உச்சியிலிருந்து ஐந்து கம்பிகள் பின்னல் போல இறங்கின. அத்தனை இரும்புக்கு நடுவில் தலை என்று சொல்லும்படி இருந்தது அது ஒன்றுதான். தலைக்குப் பொட்டு வைக்காமல் விடுவதா? நான் நின்ற பக்கத்தில் மூன்று விரலால் அதற்குச் சந்தனப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். மாமா அந்தப் பக்கம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் கார் நன்றாகத்தான் ஓடியது. நாலாம் நாள் காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மருத்துவச்சி அம்மாவின் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் அழுந்திய குழி அப்படியே நின்றது. "இது என் கைக்கு அடங்காது, சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றாள். அப்பா கடலைக்காய் விற்கச் சேலம் போயிருந்தார். அம்மாவுக்கு எந்த நேரமும் தேவைப்படலாம் என்று காரை விட்டுவிட்டுத்தான் போயிருந்தார். அத்தை அம்மாவைப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கையை நான் விடவில்லை, அதனால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

ஆத்தூர் தாண்டியதும் தூறல் பிடித்தது. வாழப்பாடிக்கு அப்பால் ஓர் ஓடையில் முழங்கால் தண்ணீர் போனது. மாமா மெல்ல இறக்கித் தண்ணீரைச் சிதறடித்துக் கரையேற்றினார். ஏறிய கொஞ்ச தூரத்தில் கார் இருமத் தொடங்கியது. ஓர் அடி இழுக்கும், ஓர் அடி நிற்கும். பிறகு பின்னால் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது. அயோத்தியாப்பட்டணத்துக்கு இன்னும் நாலைந்து மைல் இருந்தது.

மாமா முதலில் பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அதற்குள் எங்கள் பின்னால் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னா டிரைவரே, நம்ம மாட்டுக்கு இந்தச் சீக்கெல்லாம் வராதே!"

"கொஞ்சம் முன்னால வந்து இந்தக் கைப்பிடியச் சுத்துங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் மாமா.

வண்டிக்காரர் சுற்றினார். மாமா மூடியின் நடுக்கம்பியைப் பிடுங்கி, வேட்டித் துணியை மடித்துப் பிடித்து, அதன் நுனியை இரும்புக்குப் பக்கத்தில் காட்டினார். பட் பட்டென்று நீலமாகப் பொறி தாவியது. "கரண்டு குடுக்குற காயில் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். அதைத் திரும்பச் செருகிவிட்டு, பிளக்குக்குப் போகும் கம்பியைப் பிடுங்கி அதே போலக் காட்டினார். ஒருமுறை மெலிதாகச் சிவந்தது, அடுத்தமுறை அதுவும் இல்லை.

"நடுவால எங்கயோ கரண்டு ஒழுகுதுங்க. வெளிச்சத்துல அது கண்ணுக்குத் தெரியாது. இருட்டு வேணும்."

"இருட்டுக்கு என்னா அவசரம்? சாயங்காலம் தானா வரும்" என்றார் வண்டிக்காரர். சொல்லிவிட்டு, பின்சீட்டில் அம்மா முனகுவது காதில் விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓடிப்போய்த் தம் வண்டியிலிருந்து கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்தார்.

அத்தை காருக்குள்ளிருந்தே கத்தினாள். "தம்பி, இவளத் தூக்கி மாட்டுவண்டியில போடு. நீ வித்தை காட்டினது போதும்!"

"வண்டி குலுக்குறத எங்கக்கா தாங்காதுங்க. ஒரு பத்து நிமிசம் குடுங்க."

கம்பளியை என்ஜின் மேல் போர்த்தி மாமா தலையை உள்ளே நுழைத்தார். அவர் பக்கம் எதுவும் தெரியவில்லை. மறுபக்கம் மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவே இருந்த இடுக்கில் அவர் தலை போகவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, அந்தப் பக்கம் ஏறி நின்னு பாரு. கை வெக்கக் கூடாது, கண்ண மட்டும் வெய்யி. நீலமா ஏதாச்சும் ஓடுதான்னு சொல்லு."

கம்பளிக்குள் ஆட்டு வாசனையும் பெட்ரோல் வாசனையும் அடித்தன. முன்னால் வண்டிக்காரர் சுற்றினார். அப்போது அதைப் பார்த்தேன். மூடியின் உச்சியிலிருந்து நீல நூல் ஒன்று இறங்கி, ஈரமாகியிருந்த என் சந்தனப் பட்டை வழியாகவே நெளிந்து ஓடி, இரும்பைத் தொட்டு அணைந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓடியது. என் மூன்று விரலின் தடமும் அந்த நீலத்தில் நன்றாகத் தெரிந்தது.

"ஏதாச்சும் தெரியுதா சாமி?"

"ஒண்ணுமில்லை மாமா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அத்தைக்குத் தெரிந்தால் என்ன செய்வாள், அப்பா என்ன செய்வார் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. சாமிக்கு வைத்ததைக் குற்றம் சொல்வது பாவமோ என்றும் ஒரு மூலையில் பயந்தேன்.

நான் சொன்னதை மாமா நம்பினார். கம்பளியை எடுத்துவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொன்றாக ஊதித் துடைக்க ஆரம்பித்தார். முதல் பிளக் சுத்தமாக இருந்தது. இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதைக் கழற்றப் போனார். அத்தை அழவே தொடங்கிவிட்டாள். அம்மா கத்தவில்லை. திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்த அவள் கை மட்டும் சீட்டின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பட்டையில ஓடுது மாமா."

"எந்தப் பட்டையில?"

மூன்று விரலைக் காட்டினேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு மூடியைக் கழற்றி, திருப்பி, என் பக்கமாக இருந்த முகத்தைப் பார்த்தார். சந்தனத்தின் நடுவே எறும்புச் சாரை போல ஒரு கறுப்புக் கோடு கருகியிருந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தார். கோட்டைக் கத்தி முனையால் சுரண்டினார். ஊதி, உலர்த்தி, திரும்ப மாட்டினார். மஞ்சளாகிப்போன துணியை உருண்டையாகச் சுருட்டி வயலுக்குள் எறிந்தார். வண்டிக்காரர் இரண்டாவது சுற்றுச் சுற்றியதும் கார் கிளம்பிவிட்டது.

"என்னாதான் கோளாறு?" என்று கேட்டாள் அத்தை.

"மூடியில விரிசலுங்க. தண்ணி எறங்கிருச்சு."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். பிறந்ததும் அழவில்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டிய பிறகுதான் அழுதானாம். இப்போது சேலத்தில் படிக்கிறான், கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் பேச ஆரம்பிக்கும்போது முதல் எழுத்து சிக்கிக்கொள்ளும். இருமி, இழுத்து, பிறகுதான் ஓடும். அதற்கும் நான் தாமதித்த அந்தக் கால் மணி நேரத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரையும் நான் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

செய்தி கேட்டு அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். தாழ்வாரத்தில் மாமாவை நிற்க வைத்து, "பூவெல்லாம் சுத்திப் பூஜை பண்ணினியே, அந்த மூடிய ஒரு தடவை பாத்தியா? விரிசல் இருக்கிறதுகூட தெரியாம என்ன டிரைவர் நீ?" என்று கேட்டார்.

"பாக்கலீங்க மச்சான். எந் தப்புத்தானுங்க."

நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பொட்டைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை என்று அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது! மாமாவுக்கும் மறந்துவிட்டது, அவர் உண்மையாகவே ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பிக்குப் பேர் வைத்த மறுவாரம் மாமா தம் தகரப் பெட்டியோடு கிளம்பினார். நாமக்கல் பக்கம் பஸ் ஓட்ட ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னார். வாசலில் குனிந்து, என் நெற்றியில் கோணலாக இருந்த பொட்டைக் கட்டைவிரலால் சரிசெய்தார்.

"அடுத்த வருசமும் நீயே பொட்டு வெய்யி சாமி. வெளிப்பக்கம் மட்டும் வெச்சாப் போதும், என்ன?"

சரியென்று தலையாட்டினேன். அடுத்த பூஜைக்கு மாமா வந்து பார்ப்பார், அதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அந்த வருடம் முழுவதும் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.