சாய்ந்து நின்ற வாலிபால் கம்பம்

எங்கள் ஐ.டி.ஐ. விளையாட்டு விழாவுக்கு வாலிபால் வலைக்குக் குறைந்த ஒரு பக்கக் கம்பத்தை மாணவர்களே செய்ய வேண்டும் என்றார்கள். ஃபிட்டர் பிரிவு பைப்பை அறுத்துத் தரும். வெல்டர் பிரிவு அதை அடித்தட்டில் பற்றவைக்கும். இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. வெல்டர் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். ஃபிட்டர்காரன் வந்து செங்கோணம் பார்க்க மூலைமட்டம் பிடித்தால்தான் எனக்கு வேலை ஓடுமா என்று தனியாகவே செய்தேன்.

நான்கு பக்கமும் புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் மட்டும் பற்றவைத்து, நேர் பார்த்த பிறகுதான் முழுசாகப் பற்றவைக்க வேண்டும். நான் வீம்பில் ஒரே பக்கமாகப் பற்றவைத்தேன். சூட்டில் பைப் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டது. தூக்கி நிறுத்தினால் கம்பம் சாய்ந்து பக்கத்து ஊர் ராசிபுரத்தை எட்டிப் பார்க்கிறது.

"பொம்பளப்புள்ளகிட்டக் குடுத்தா இப்படித்தான். கடையில வாங்கிக்கலாம்," என்றார் முதல்வர்.

ஃபிட்டர் பிரிவு முருகேசன் முன்னால் வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராதவன்.

"பைப்ப அறுத்தது நானுங்க சார். வெட்டு கோணலாப் போயிருச்சுங்க."

பச்சைப் பொய். எனக்குச் சுருக்கென்றது.

"இல்லைங்க சார், அவன் வெட்டு நேராத்தான் இருக்குது. தப்பு என்னுது. ஆனா கடையில வாங்க வேண்டாங்க. நாங்களே நிறுத்துறோம்."

"சாயங்காலம் வரைக்கும்தான்," என்றார்.

பற்றவைத்ததை அறுத்தெடுத்தோம். அவன் மூலைமட்டம் பிடித்தான். நான் நான்கு பக்கமும் புள்ளி வைத்து, நேர் பார்த்து முழுசாகப் பற்றவைத்தேன். பொழுது சாயுமுன் வலை கட்டியாயிற்று.

என் தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. பெண் என்பதால் வந்த தப்பு என்றால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சந்தேகப்படுகிறவர்கள் தூக்குக்குண்டோடு வந்து நேர் பார்க்கட்டும். கம்பம் அங்கேதான் நிற்கிறது.