கோர்ட்டுக்குப் போன கிணற்றுத் தண்ணீர்

சுற்றுச்சூழல் சட்டம் படித்து, அதையே பாடம் நடத்தி, கல்குவாரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கியவள் நான். என்ன பிரயோஜனம்? திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை.

கல்லெடுத்து முடித்துக் கைவிட்ட குவாரிக் குழியில் லாரி லாரியாகத் தொழிற்சாலைக் கழிவைக் கொட்டினார்கள். பக்கத்துக் கிணறு மஞ்சளாகி நாறியது. அந்தத் தெருவுக்கு இருந்ததே அந்த ஒரு கிணறுதான். குழியைச் சுத்தம் செய்யச் சொல்லி வழக்குப் போட்டோம். அதுவரைக்கும் பஞ்சாயத்து டேங்கரில் தண்ணீர் அனுப்பியது.

தண்ணீர் கெட்டுப்போனதை நிரூபிக்க வேண்டும். நான் போனபோதெல்லாம் குவாரி ஆட்கள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள், பாவிகள். கடைசியில், கிணற்றை ஒட்டிக் குடியிருந்த ஓர் அம்மாவிடம் பாட்டில்களைக் கொடுத்தேன். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறிக்கும் கூலிவேலை செய்பவர். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, பஸ் ஏறி வந்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என் கையில் கொடுத்தார். வெயில் படாமலிருக்கப் பழுப்பு நிறக் கண்ணாடி. உள்ளே இருப்பது தெரியாது. அப்படியே ஆய்வகத்தில் சேர்த்தேன்.

‘எல்லாம் வரம்புக்குள்’ என்று முடிவு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைச் சிரித்துக்கொண்டே வாசித்தார். அன்றே ஊருக்கு ஓடினேன். முடிவு வந்துவிட்டதால் இப்போது யாரும் என்னை மறிக்கவில்லை.

“நீங்க குடுத்த பாட்டில்லதாங்க புடிச்சேன்,” என்றார் அந்த அம்மா. “தேத்தாங்கொட்டைய ஒரச்சி ஒரு நாள் பூரா தெளிய வெச்சேன். அப்பயும் நாத்தம் போவல. கோர்ட்டுக்குப் போற தண்ணியாச்சே, ஜட்ஜு மொகத்துக்கு நேரா நாறுனா நம்மள இன்னான்னு நெனப்பாங்க? டேங்கர் தண்ணிய நெறையக் கலந்துதான் ஊத்துனேன்.”

முகத்தில் அவ்வளவு திருப்தி. திட்டத்தான் நினைத்தேன். கோர்ட்டுக்குப் போகும்போது நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொள்பவர்கள் தண்ணீரை மட்டும் அழுக்காகவா அனுப்புவார்கள்? எனக்கு அழுகைதான் வந்தது.

மறுபடி சோதிக்கக் கெஞ்சினேன். ஒருமுறை பார்த்தாகிவிட்டது என்று மனுவையே தள்ளிவிட்டார்கள். அந்த முடிவைக் காட்டியே டேங்கரையும் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த முறை நான் போனபோது அந்த அம்மா கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அதே மஞ்சள்.

“நல்ல தண்ணின்னு கோர்ட்லயே சொல்லிட்டாங்களாமே மேடம். புள்ளைங்க இதத்தான் குடிச்சிக்கினு இருக்குதுங்க.”

“குடுக்காதீங்கம்மா,” என்றேன். “கையெடுத்துக் கும்புடறேன், குடுக்காதீங்க.”

அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

“வேற எதங்க குடுக்கறது?”