கல்லிடைக்குறிச்சி ஆற்றில் எழுநூற்றைம்பது மீட்டர்

அடுத்த மாதம் கோவைப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நடக்கும் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 750 மீட்டர் நீச்சல், கரையேறியதும் 20 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் 5 கிலோமீட்டர் ஓட்டம். இதுதான் எனக்கு முதல் போட்டி. வயது முப்பத்தொன்பது. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. முதுகுவலிக்காக நீச்சல் பழகப் போனேன். வலி போய்விட்டது, நான்தான் தண்ணீரை விட்டுப் போகவில்லை.

ஆனால் இதுவரை நீந்தியதெல்லாம் நீச்சல்குளத்தில். அடியில் கறுப்புக் கோடு தெரியும். மூச்சு வாங்கினால் காலை ஊன்றி நின்றுகொள்ளலாம். ஏரியில் இரண்டும் கிடையாது. இதை நினைத்தே பல நாள் தூக்கம் கெட்டது. அதனால் பொங்கல் கழிந்த இரண்டாம் ஞாயிறு கல்லிடைக்குறிச்சி போய் மூன்றையும் வரிசையாக ஒருமுறை செய்து பார்ப்பது, அங்கே ஆற்றில் நீந்த முடியாவிட்டால் போட்டியிலிருந்து விலகிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவிலிருக்கும் லோடு ஆட்டோ அண்ணாச்சி போகவர 1,200 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். சைக்கிளைப் பின்னால் கட்டினோம். துணைக்கு என் கணவரின் தங்கை பர்வீன் வந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே ஆகாது. காலை 5.15க்குக் கிளம்பி, சேரன்மகாதேவியில் ஒரு டீ குடித்து, 6.25க்குக் கல்லிடைக்குறிச்சி போய்ச் சேர்ந்தோம். சுமார் 35 கிலோமீட்டர்.

பெண்கள் குளிக்கும் படித்துறைக்குச் சற்று மேலே அண்ணாச்சி வண்டியை நிறுத்திக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். நான் தலையும் மூடும் முழுநீள நீச்சலுடை போட்டிருந்தேன். (போட்டியில் இதற்குத் தடையில்லை என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டேன். நீங்களும் கேட்டுவிடுங்கள்.) இடுப்பில் கயிற்றோடு ஒரு மிதவைப் பை. துவைத்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

6.45க்கு இறங்கினேன். குளிர் பரவாயில்லை. இருபது மீட்டர் போயிருப்பேன், கணுக்காலில் ஏதோ வழுவழுவென்று சுற்றியது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தால் பச்சை இருட்டு. அவ்வளவுதான், கை கால் ஓடவில்லை. ஒரு வாய்த் தண்ணீரும் உள்ளே போனது. மிதவையைக் கட்டிப்பிடித்து, காலை உதைத்து உதைத்துக் கரைக்கு வந்தேன். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பர்வீன் துண்டைப் போர்த்திவிட்டு, வீட்டுக்குப் போய்விடலாம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அழுகை வந்தது. எட்டு மாதம் விடியற்காலையில் எழுந்தது எல்லாம் இந்த இருபது மீட்டருக்குத்தானா?

பக்கத்துப் படியில் துவைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பெயர் செல்வி, களையெடுப்புக்குப் போகிறவர். என்ன ஏது என்று விசாரித்தார். சொன்னேன்.

"நீந்திட்டு, சைக்கிள் மிதிச்சிட்டு, ஓடவும் செய்யணுமா? முடிச்சா ஏதும் வேலை குடுப்பாவளா?"

கழுத்தில் ஒரு பதக்கம் போடுவார்கள் என்றேன். தங்கமா என்று கேட்டார். இல்லை என்றதும் கையிலிருந்த துணியைக் கல்லில் போட்டார். பிறகு சேலையை வரிந்து கட்டினார்.

"அது பாசி. ஒண்ணுஞ் செய்யாது. நீங்க தண்ணிக்குள்ள என்ன கெடக்குன்னு பாக்கீய, அதான் பயம் வருது. அந்தா நிக்க மருத மரத்தப் பாத்துட்டே பையப் பைய வாங்க. நானும் கூட வாரேன்."

அந்த மரம் அடுத்த படித்துறையில் நின்றது, என் கணக்கில் 75 மீட்டர். செல்வி தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்து, சத்தமே இல்லாமல் நீந்தினார். நான் நாலு கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தேன். பாசி இரண்டு முறை தட்டியது. கத்தத் தோன்றியது, கத்தவில்லை. ஒரு தடவை போய்த் திரும்பியதும் அவர் கரையேறிவிட்டார். மிச்சம் நாலு தடவையும் தனியாகப் போனேன். மொத்தம் 750 மீட்டர், 31 நிமிடம். நான் முடித்தபோது செல்வி துணிகளைப் பிழிந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். அவருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

8.10க்குச் சைக்கிள். பாலம் தாண்டி, அம்பாசமுத்திரம் வழியாக விக்கிரமசிங்கபுரம் பக்கம் 10 கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். பாதை நல்ல பாதை, போகும்போது மட்டும் லேசான ஏற்றம். எதிரே மலை, இருபுறமும் பச்சை வயல். அண்ணாச்சி பின்னாலேயே வண்டியில் வந்தார். பேருந்து நெருங்கும்போதெல்லாம் எனக்காக அவர் ஹாரன் அடித்தார். சரியாக ஒரு மணி நேரம்.

ஓட்டம் கன்னடியன் கால்வாய்க் கரையில். முதல் கிலோமீட்டர் கால்கள் வேறு யாருடையதோ போலிருந்தன. இரண்டு முறை நடந்தேன். வெயில் ஏறிவிட்டது. 44 நிமிடத்தில் முடித்து, கால்வாய்க் கரையிலேயே உட்கார்ந்து நாலு வாழைப்பழம் தின்றேன். பிறகு ஒரு கடையில் இட்லியும் தோசையும் சேர்த்து மூன்று பேருக்கும் 260 ரூபாய் ஆனது. பாதிக்கு மேல் நான் சாப்பிட்டதுதான்.

திரும்பும் வழியில் வீரவநல்லூர் வந்தபோது பர்வீன் என் நீச்சலுடையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மதினி, அந்த நீச்சலுடை என் அளவுல கெடைக்குமா?" என்றாள்.

நீங்களும் ஆற்றில் பழக நினைத்தால், தை, மாசிக் காலைகள் நல்லது. அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று ஊர்க்காரர்களிடம் கேட்காமல் இறங்காதீர்கள். பாபநாசம் பக்கம் பாறையும் சுழலும் உண்டு, அங்கே வேண்டவே வேண்டாம். மிதவைப் பையும், கரையில் ஓர் ஆளும் கட்டாயம்.

போட்டிக்கு இன்னும் இருபது நாள். ஏரியில் இறங்கினால் முதல் இருபது மீட்டர் பயப்படுவேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு எழுநூற்று முப்பது மீட்டர் இருக்கிறது.