கறவைச் சேலை

எங்கள் தெருக்காரர்கள் நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள். பெலிக்ஸ் அண்ணன் தன் பெண்டாட்டியின் சேலையைச் சுற்றிக்கொண்டு பால் கறக்கிறார் என்று ஊரெல்லாம் சிரித்தார்கள். ஏன் என்று ஒருத்தராவது கேட்டார்களா?

அவர் மனைவி அல்போன்சா மதினி திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஜெர்சிப் பசு. அதன் கன்று முன்பே செத்திருந்தது; மதினி கை தவிர வேறு கை அதன் மடியில் பட்டதில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் மடி கல்லாக இறுகிவிட்டது. யார் உட்கார்ந்தாலும் உதைத்தது. இப்படியே விட்டால் மடிநோய் வந்து மாடு வீணாகிவிடும். கொட்டகை ஆணியில், மதினி கறக்கும்போது கட்டும் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை துவைக்காமல் தொங்கியது. அண்ணன் அதைப் போர்த்திக்கொண்டு குந்தினார். பசு முகர்ந்து பார்த்துவிட்டுப் பால் விட்டது. அவர் கறந்துகொண்டே அழுதார்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கறக்கையில அவ பின்னாடி நிக்கிறா தம்பி. திரும்பினா போயிருவா. அதான் நான் திரும்புறதில்ல." கொஞ்ச நாள் அந்தக் கொட்டகைப் பக்கமே நான் போகவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வைக்கோலும் புண்ணாக்கும் எட்டாத விலைக்குப் போயின. பாலில் சத்து இல்லை என்று, பால் சங்கத்தில் கொடுக்கிற விலையையும் குறைத்தார்கள். மாட்டைப் பட்டினி போட மனம் வராமல், செம்பட்டியில் கிணறும் தோட்டமும் வைத்திருக்கும் பொன்னுத்துரைக்கு விற்க ஒப்புக்கொண்டார்.

பொன்னுத்துரை விவரமான ஆள். கறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அந்தச் சேலையையும் சேத்துக் குடுத்திருங்க. இல்லாட்டி மாடு வேணாம்" என்றார். அண்ணன் போர்த்தியிருந்த சேலையை மடித்து நீட்டினார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்காத வழக்கம் எங்கள் பக்கம். கயிறு வீட்டில் தங்கியது, சேலை போய்விட்டது.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டை ஒரு எட்டுப் பார்க்கவேண்டும் என்றார். வண்டியில் கூட்டிப்போனேன். கொட்டகையில் பொன்னுத்துரை மனைவி பழனியம்மாள், அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி கறந்துகொண்டிருந்தார். அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் வந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையை இறுகப் பிடித்தார்.

"கூப்பிடாத தம்பி. திரும்பினா போயிருவா."

கறந்து முடிவதற்குள் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.