பிளக்கைப் பிடுங்குங்கோ

என் மகள் பாடல்கள் செய்து இணையத்தில் போடுகிறாள். எல்லாம் இழவு வீட்டுப் பாடல்கள். இப்போது இளையவர்கள் எல்லோரும் அப்படித்தான் பாடுகிறார்கள். பாதி மென்ற சோற்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு அழுவதுபோல. கேட்டால் எனக்குக் குமட்டும். அவளுடைய புதுப் பாட்டு ஒன்றில் பின்னணியில் ஓர் உறுமல் சத்தம் வேறு.

அவளுடைய முப்பதாவது பிறந்தநாளை டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் ஒரு மண்டபத்தில் கொண்டாடினோம். டேனிஷ்காரர்களின் வழக்கம் ஒன்று உண்டு. பிறந்தநாள்காரரைக் கிண்டல் செய்து பாட்டெழுதி, அச்சடித்து, ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் சுருட்டி வைப்பார்கள். எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். நானே எழுதினேன். கௌபாய் மெட்டு. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் தொப்பி போட்டு வந்து கிட்டார் வாசித்தார்.

மழை பெய்யுதாம், மாடும் அழுகுதாம்,
மைக்கைக் கண்டாலே மூஞ்சி சுருங்குதாம்,
பிரிட்ஜ் உறுமுது, அதுவும் ராகமாம் –
பிளக்கைப் பிடுங்குங்கோ, பிள்ளை சிரிக்கட்டும்!

மண்டபமே மேசையில் தட்டிப் பாடியது.

"அத்தான், இன்னொருக்கா! பிளக்கைப் பிடுங்குங்கோ!" என்று காலஞ்சென்ற என் மனைவியின் தம்பி கத்தினான்.

நான்கு முறை பாடினோம். மகளும் தாளைப் பார்த்துப் பாடினாள். கடைசி வரியில் மட்டும் அவள் வாய் அசையவில்லை.

சாப்பாடு முடிந்து பாத்திரங்களை அடுக்கும்போது என்னிடம் வந்தாள். எப்போதும் டேனிஷில் பேசுகிறவள், தமிழில் சொன்னாள்.

"அப்பா, என்ர பாட்டில உறுமுறது பிரிட்ஜ் இல்லை. அம்மாவுக்கு மூச்சுக்கு வைச்ச ஒட்சிசன் மெசின். அவ இருந்த கடைசி மாதம் அந்தச் சத்தத்தைப் போனில பிடிச்சு வைச்சனான்."

"ஐயோ பிள்ளை, எனக்குத் தெரியாதே! பிரிட்ஜ் எண்டெல்லோ நினைச்சன்."

"பரவாயில்லை. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள்.

தெரியும். அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஏழு மாதம் படுத்தவன் நான். பாடலின் முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. அந்தச் சத்தம் திரும்பவும் வீட்டுக்குள் வந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. அதைத் துரத்தத்தான் அந்த வரிகளை எழுதினேன். சனம் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். இளையவர்களின் பாட்டைக் கேட்டு வந்த குமட்டல் இப்போது என்னை நினைத்தால் வருகிறது.

போன வாரம் அவள் அந்தப் பாடலைத் திருத்திக்கொண்டு வந்தாள். உறுமலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிட்டார் சேர்த்திருந்தாள்.

"இப்ப ஓகேயா, அப்பா?"

உண்மையைச் சொல்வதற்கு அதுதான் நேரம்.

"ஓம் பிள்ளை," என்றேன். "இப்பதான் பாட்டு மாதிரி இருக்கு."